கெட்டி ஆயிலா, இளகின ஆயிலா? கூடவே ஃபில்டரும்

"நம்மூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தானுங்க தாங்கும். 20டபிள்யூ-50 ஊத்திறலாமுங்க." பெருந்துறையில் ஆயில் மாற்றப் போகும்போதெல்லாம் மெக்கானிக் அண்ணன் இதைத்தான் சொல்வார். என் பெட்ரோல் காரின் புத்தகத்தில் இருப்பதோ 5டபிள்யூ-30.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், குளிர்ந்து கிடக்கும் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. பின்னால் இருப்பது 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மைக்கு. சூடேறிய இன்ஜினுக்குள் சித்திரையானாலும் மார்கழியானாலும் ஆயில் அந்த 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வெளியே 40 டிகிரி கொளுத்துகிறதே என்று கெட்டியாக ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். அப்பாவின் பழைய காருக்கு 20டபிள்யூ-50 சரிதான்; அதன் புத்தகமே அப்படித்தான் சொல்கிறது.

அடுத்தது சாதாரண மினரல் ஆயிலா, ரசாயன முறையில் தயாரிக்கும் சிந்தெட்டிக்கா? வாராவாரம் மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி ஏறுகிறவர் யோசிக்காமல் முழு சிந்தெட்டிக் ஊற்றலாம். ஈரோட்டுக்குள்ளேயே மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வருடம் 3,600தான் ஆகும். ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் வரும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு வருடக் கெடு முதலில் வந்துவிடும். அவருக்கு, புத்தகம் கேட்கும் தரம் டப்பாவில் இருந்தால் இரண்டும் கலந்த செமி சிந்தெட்டிக்கே போதும். 0டபிள்யூ-20 கேட்கும் கார் என்றால் சிந்தெட்டிக்தான். பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும், அதில் பேரமே கிடையாது.

ஆயிலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு ஃபில்டரில் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. ஒருமுறை இரண்டு பழைய ஃபில்டர்களை ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். கம்பெனி ஃபில்டரில் காகித மடிப்பு நெருக்கமாக, ஒரே சீராக இருந்தது. மலிவானதில் மடிப்பு இடைவெளி விட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பரும் விறைத்துப் போயிருந்தது. ராத்திரியில் ஆயில் வடிந்து போனதால்தான் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி கடகடவென்று சத்தம் கேட்டது என்று அப்போதுதான் புரிந்தது. சிலிகான் ரப்பர் வைத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள், சூட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் விறைக்காது.

நல்ல ஃபில்டரையும் மாட்டுகிற விதத்தில் கெடுக்கலாம். ஓரிடத்தில் பழைய ஃபில்டரின் ரப்பர் ரிங் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதை முடுக்கிவிட்டார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அடியெல்லாம் ஆயில். இப்போதெல்லாம் பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதில் கறுப்பு ரிங் இருக்கிறதா என்று முதலில் எட்டிப் பார்ப்பது நான்தான்.