உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்: அறுவைக்கு முன் எந்த ஸ்கேன்?

காதுக்கு முன்னால், தாடை வளைவில் ஒரு கட்டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னதும் எல்லோரும் கேட்பது "புற்றா, இல்லையா?" என்றுதான். அதை உறுதி செய்வது பெரும்பாலும் ஊசியில் எடுக்கும் மாதிரி. ஸ்கேனில் அறுவை மருத்துவர் தேடுவது வேறு: கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, முக நரம்பை ஒட்டி நிற்கிறதா, எலும்பை அரித்துவிட்டதா, கழுத்து நிணநீர் முடிச்சுகளில் ஏறிவிட்டதா.

முதல் படி அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு கிடையாது, சீக்கிரம் முடியும், அதைப் பார்த்துக்கொண்டே ஊசியில் மாதிரியும் எடுக்கலாம். மேலாக இருக்கும் சின்னக் கட்டிக்குச் சில சமயம் இதுவே போதும். ஆனால் காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியான பரோட்டிட்டின் உள்மடல் தாடை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது; ஒலியலை எலும்பைத் தாண்டிப் போகாது. புற்று என்ற சந்தேகம் வந்துவிட்டால் அதோடு நிற்க முடியாது.

அடுத்து சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா? உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

சி.டி. சில நொடிகளில் முடிந்துவிடும். தாடை எலும்பின் மேல்தோடு அரிக்கப்பட்டிருந்தால் துல்லியமாகக் காட்டும். கழுத்தோடு சேர்த்து நுரையீரலையும் பார்த்துவிடலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், எம்.ஆர்.ஐ.யின் மூடிய குழாய்க்குள் படுக்க முடியாதவர்களுக்கும் இது கைகொடுக்கும். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் மட்டும் படத்தில் கோடு கோடாக இழுத்து, பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும்.

பரோட்டிட் புற்றுக்கு என் ஓட்டு எம்.ஆர்.ஐ.க்கு. காரணம் மருந்து செலுத்தாமல் எடுக்கும் டி1 படம்; கொழுப்பை வெளுப்பாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. பட வகை அது. சுரப்பியில் கொழுப்பு கலந்திருப்பதால் அது வெளுப்பாகத் தெரியும். கட்டி அதற்குள் கறுப்பாக நிற்கும். ஓரம் வழவழப்பா, பிசிறா என்று படம் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஆனால் ஒன்று, ஓரம் வழவழப்பாக இருந்தாலே சாதுவான கட்டி என்று நம்பிவிடக் கூடாது. வீரியம் குறைந்த புற்றுகள் நல்ல பிள்ளை மாதிரிதான் தெரியும்.

அதைவிடப் பெரிய காரணம் நரம்பு. அடினாய்டு சிஸ்டிக் என்ற புற்று வகை நரம்பைப் பிடித்துக்கொண்டு மண்டையோட்டின் அடிவரை ஊர்ந்து போகும். காதுக்குப் பின்னால் முக நரம்பு எலும்பைவிட்டு வெளியே வரும் துளைக்குக் கீழே ஒரு துளிக் கொழுப்பு இருக்கும். டி1 படத்தில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரிய வேண்டும். பொட்டு அழிந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. காடோலினியம் என்ற ஒளிரவைக்கும் மருந்தைச் செலுத்தி, கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் படத்தில் நரம்பே தடித்து ஒளிரும். சி.டி.யில் இதே விஷயம் பெரும்பாலும் துளை அகலமான பிறகுதான் தெரியவரும். அதற்குள் வெட்டி எடுக்க வேண்டிய எல்லையே மாறிப்போயிருக்கும்.

சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேன் உடம்பு முழுக்கப் பார்க்கும், ஆகவே அதுதான் உசத்தி என்று ஒரு நினைப்பு. இங்கே அது சரிவராது. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் வார்த்தின் கட்டி புற்றே இல்லை, ஆனாலும் பெட்டில் பளிச்சென்று எரியும். அடினாய்டு சிஸ்டிக்கோ சில சமயம் மங்கலாகவே கிடக்கும். வீரியம் மிகுந்த புற்று வேறெங்கும் பரவியிருக்கிறதா, சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

முடிந்தால் ஊசியில் மாதிரி எடுப்பதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவது நல்லது. ஊசி குத்திய இடத்தில் கசிந்த ரத்தம் படத்தைக் குழப்பும்.

சரி, எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் காட்டிவிடுமா? சுரப்பிக்குள் பிரியும் முக நரம்பின் கிளைகள் வழக்கமான படங்களில் தெளிவாகத் தெரிவதில்லை. தாடைக்குப் பின்னால் ஓடும் சிரையை அடையாளமாக வைத்து, நரம்பு இந்த வழியாகத்தான் போகும் என்று கணிக்கிறார்கள். அறுவைக்கு முன் முகம் நன்றாக அசைகிறதென்றால் நரம்பைக் காப்பாற்றத்தான் முயல்வார்கள். அது கட்டியோடு ஒட்டிக் கிடக்கிறதா, விலகி வருமா என்பது சுரப்பியைத் திறந்த பிறகே தெரியும்.