கட்டிப் புகையிலைக்கு எந்த மடக்குக்கத்தி? ஆறு ஆண்டு அனுபவம்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில்தான் பைப் பிடிக்கத் தொடங்கினேன். நல்ல பழக்கம் என்று வாதாட வரவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை, அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பிடித்துப்போனது பிளக் என்னும் கட்டிப் புகையிலை. இலைகளை அடுக்கி, அழுத்தி இறுக்கிய கட்டி அது. கருப்பட்டிபோலக் கெட்டி, உள்ளே ஈரப்பசை. அதை அட்டையின் கனத்துக்குச் சீவி, விரலால் உதிர்த்துக் குழாயில் நிரப்ப வேண்டும். சீவல் தடித்தால் நெருப்பு பற்றாது. பற்றினாலும் பாதியில் அணையும்.

முதலில் இணையத்தில் வாங்கிய கத்தி, படம் பார்த்து ஏமாந்த கதை. வாய் கூர்மையாகத்தான் இருந்தது. முதுகோ மூன்று மில்லிமீட்டருக்கு மேல். கட்டிக்குள் ஆப்புபோல இறங்கிப் பிளந்ததே தவிர, சீவவில்லை. ஊருக்குப் போனபோது அம்மாவின் பாக்குவெட்டியைக்கூடக் கொண்டுவந்து பார்த்தேன். கொட்டைப்பாக்குக்கு அது ராஜா. ஈரக் கட்டியை நசுக்கித் தள்ளிவிட்டது.

அடுத்து ஓப்பினல் எட்டாம் எண், கார்பன் எஃகு அலகு. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்துவரும் கத்தி. அலகு மெல்லியது, 8.5 சென்டிமீட்டர், நன்றாகத் தீட்டினால் அடுத்த பக்கம் தெரியும் அளவுக்குச் சீவலாம். மூன்று ஆண்டுகள் அதுதான். குறைகளும் உண்டு. பீச் மரக் கைப்பிடி ஈரம் பட்டால் உப்பிக்கொண்டு அலகை வெளியே விடாது. பிடியின் பின்முனையை மேசையில் ஓங்கித் தட்டினால் அலகு எட்டிப்பார்க்கும். சவோய்க்காரர்களின் பழைய உத்தி இது. வாயின் வளைவு இன்னொரு தொல்லை. அலகை நேரே அழுத்தினால் பலகையோடு ஒட்டிய கடைசி நார் அறுபடாமல் தொங்கும்.

பெரிய சிக்கல் சட்டம். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது, வாய் மூன்று அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தி மட்டுமே. விரித்ததும் அலகு மடங்காதபடி பூட்டிக்கொள்ளும் கத்தி அந்த விலக்கில் சேராது. ஓப்பினலில் 1955 முதல் பூட்டு வளையம் வந்துவிட்டது. எட்டாம் எண் நீளத்திலும் மிஞ்சுகிறது. ஆக அது வீட்டோடு.

மூன்று ஆண்டுகளாகக் கையில் இருப்பது ஷெஃபீல்டில் செய்த 'லாம்ஸ்ஃபுட்' கத்தி. பெயருக்கு ஆட்டுக்குட்டியின் பாதம் என்று பொருள். முதுகு முனையை நோக்கிச் சரிந்துவரும். வாய் மட்டும் கோடு போட்டதுபோல நேர். அந்த நேர்வாய்தான் விஷயம்! பலகையில் முழு நீளமும் ஒரே நேரத்தில் படிவதால் நார் மிஞ்சுவதில்லை. இதில் பூட்டு கிடையாது, வில் மட்டுமே. அதனால் முனையால் குத்தாதீர்கள்; அலகு விரல்மேல் மடங்கும். பலகையை மேசை விளிம்பில் வைத்துக் கைப்பிடியை வெளியே நிறுத்திக்கொண்டால் விரல் முட்டி இடிக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது, சொன்னால் சிரிப்பார்கள்.

பராமரிப்பில் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். புகையிலைப் பிசின் கீல் மூட்டில் ஏறி இறுகும் என்பதால் வெந்நீரில் அலசி, உலர்த்தி, ஊர் வழக்கப்படி தேங்காய் எண்ணெய் விட்டேன். லீட்ஸ் குளிரில் அது மூட்டுக்குள்ளேயே உறைந்துவிட்டது. நல்லெண்ணெய் சில மாதங்களில் பிசுபிசுத்தது. இப்போது சமையல் பலகைக்குப் பூசும் மினரல் எண்ணெய் ஒரு சொட்டு. மாதம் ஒருமுறை சாணைக்கல்லில் பத்து இழுப்பு. அலகு முழுவதும் நீலமும் சாம்பலுமாகக் கறுத்துவிட்டது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், துருவுக்கு ஓரளவு தடுப்பு அதுவே.

துருப்பிடிக்காத எஃகும் கேட்டால் கிடைக்கும். ஈரத்தை உடனே துடைக்கும் பொறுமை இல்லாதவர்கள் அதையே வாங்கலாம். ஓப்பினலை நான் விற்கவில்லை. சமையலறையில் மாம்பழம் நறுக்குகிறது, அந்த வேலைக்கு அதன் வளைந்த வாய்தான் வசதி.