1,900 டாலர் ஆகஸ்ட் முகாம்: சீனியர் வருஷத்துக்கு முன்னால் பையனை அனுப்பிப் பார்த்தோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்தது 1,900 டாலர். அதில் ஒரு 600 டாலருக்கு உருப்படியாக வேலை நடந்தது, அந்த அறுநூறும் அங்கே எஸ்ஸே வகுப்பு எடுத்த ஒரே ஓர் அம்மாவுக்குச் சேர வேண்டியது.

பையன் பதினோராவது முடித்துப் பன்னிரண்டாவதுக்குப் போகிற கோடை. நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம். அந்தக் கோடையில் இங்கே மூன்று பெற்றோர் ஓர் இடத்தில் நின்றால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கல்லூரி விண்ணப்பத்தில்தான் போய் நிற்கும். நானும் மனைவியும் ஊரில் படித்தவர்கள். பிளஸ் டூ மார்க், கட் ஆஃப், அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் நாளில் திரையைப் பார்த்துக்கொண்டு காலி இடம் எண்ணுவது, இதுதான் எங்களுக்குத் தெரிந்த விண்ணப்பம். நீ யார் என்று 650 வார்த்தையில் எழுது என்று எங்களை யாரும் கேட்டதில்லை. அந்தப் பயத்தில்தான் இந்திய மளிகைக்கடை வரிசையில் இருக்கிற ஒரு மையத்தில் பணத்தைக் கட்டினோம். பெயர் போடவில்லை, இது மாதிரி இங்கே பத்து இருக்கிறது, எல்லாம் ஏறத்தாழ ஒரே சரக்கு. ஆகஸ்ட் முதல் வாரம் தொடங்கிப் பத்து நாள், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை, பதினான்கு பிள்ளைகள்.

முதல் நாளே ஒரு வேடிக்கை. 'ஆசிரியர்களிடம் ரெக்கமெண்டேஷன் லெட்டர் கேட்டாயிற்றா?' என்று கேட்டிருக்கிறார்கள். பாதிப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டன. பள்ளி மூடியது ஜூனில், கேட்கிறது ஆகஸ்டில்! பதினோராவதில் பாடம் எடுத்த ஆசிரியர்கள் இரண்டு பேரிடம் மே மாதமே நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடித்த ஆசிரியர் என்றால் இத்தனை பேருக்குத்தான் எழுதுவேன் என்று கணக்கு வைத்திருப்பார், செப்டம்பரில் போனால் கணக்கு முடிந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு அக்கா சொல்லி, பையன் கெமிஸ்ட்ரி ஆசிரியரிடம் ஜூனிலேயே கேட்டுவிட்டான். அந்த அக்கா வாங்கிய கட்டணம் ஒரு டப்பா முறுக்கு.

பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கிற காமன் ஆப் படிவத்தை நிரப்பச் சொல்லிக் கொடுக்க இரண்டு முழு நாள் எடுத்தார்கள், அதற்கு அரை நாளே ஜாஸ்தி. ஆகஸ்ட் 1 அன்றுதான் அந்த வருஷத்துக்குத் திறக்கும் என்பது உண்மை, ஆனால் கணக்கை அதற்கு முன்பே தொடங்கலாம், பொதுப் பகுதியில் போட்டதெல்லாம் அடுத்த வருஷத்துக்கு வந்துவிடும், தனித்தனிக் கல்லூரிகள் கேட்கிற கேள்விகளுக்கு எழுதியது அழிந்துபோகும். எஸ்ஸே தலைப்புகள் பல மாதம் முன்னாலேயே வெளியாகிவிடும், ஏழில் ஒன்று உன் இஷ்டத்துக்கு எழுது என்பது. ஆக, ஆகஸ்டுக்காகக் காத்திருக்கக் காரணமே இல்லை, அது கூட்டம் சேர்க்கிற தேதி, அவ்வளவுதான்.

பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்று பத்துக் கட்டம் வரும், ஒவ்வொன்றையும் 150 எழுத்துக்குள் விவரிக்க வேண்டும். 150 வார்த்தை இல்லை, எழுத்து, காலி இடமும் சேர்த்து. இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பையன் மூன்று வருஷமாக எங்கள் டென்னிஸ் பால் கிரிக்கெட் லீக்கில் ஸ்கோர் எழுதுகிறான். விளையாடத் தெரியாது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பூங்காவில் நோட்டோடு உட்கார்ந்திருப்பான், வைடா இல்லையா என்று நாற்பத்தைந்து வயது மாமாக்கள் சண்டை போடும்போது நோட்டைத் திருப்பிக் காட்டுவான், மறு பேச்சு இருக்காது. அதை அவன் ஏழாவது கட்டத்தில் எழுதியிருந்தான். மைய உரிமையாளர் அதை எடுத்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கச் சொன்னார். ஆகஸ்ட் பத்தாம் தேதி! நிறுவனர் என்று போட்டால் கனமாக இருக்குமாம், பதிவு செய்ய அவர்களே ஆள் வைத்திருக்கிறார்களாம், அதற்குத் தனிக் கட்டணம். இரண்டு பிள்ளைகள் ஒத்துக்கொண்டதாகப் பையன் சொன்னான். விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னால் பிறந்த தொண்டு நிறுவனத்தைப் படிக்கிறவர்கள் நம்புவார்கள் என்று இவர்கள் எதை வைத்து நினைக்கிறார்களோ.

கல்லூரிச் சேர்க்கைக்கு மார்க் காட்டுகிற எஸ்ஏடி தேர்வுக்கான பயிற்சியும் கட்டணத்தில் சேர்ந்தது என்றார்கள். போய்ப் பார்த்தால் அந்தத் தேர்வை நடத்துகிற காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற அதே மாதிரித் தேர்வு. 2024 மார்ச்சிலிருந்து இங்கே தேர்வு முழுக்கக் கணினியில்தான், 2 மணி 14 நிமிஷம். பயிற்சிக் கணக்குகள் கான் அகாடமி இணையதளத்தில் காசில்லாமல் இருக்கின்றன. அப்புறம், தேர்வே வேண்டாம் என்றிருந்த கல்லூரிகளில் எம்ஐடி 2022-இலேயே மனம் மாறியது, 2024-இல் டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்டு எல்லாம் மறுபடி மார்க் கேட்கத் தொடங்கின. 'எஸ்ஏடியா, எல்லாம் உங்கள் விருப்பம்தான்' என்று பழைய பாட்டையே முகாமில் பாடினார்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நீங்களே பார்த்துவிடுங்கள்.

பட்டியல் என்றதும் ஞாபகம் வருகிறது. பையனுக்குக் கொடுத்த பதினெட்டுக் கல்லூரிகளில் மூன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்கள். அங்கே எஸ்ஏடி பார்ப்பதே இல்லை, எட்டுக் கேள்வியில் நான்குக்கு 350 வார்த்தைக்குள் தனியாக எழுத வேண்டும், வளாகத்துக்கு 80 டாலர் விண்ணப்பக் கட்டணம். சரி, பரவாயில்லை. வெளி மாநிலப் பிள்ளை என்றால் வருஷத்துக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பதை யார் சொல்வது? நானாகத் தேடித் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று காட்டுகிற நெட் பிரைஸ் கால்குலேட்டரைப் போட்டுப் பார்த்தேன், அரசு உதவி வாங்குகிற கல்லூரிகள் அதை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கல்லூரிப் பெயரோடு காமன் டேட்டா செட் என்று தேடினால் இன்னொரு ஆவணம் கிடைக்கும், அதில் சி7 என்ற அட்டவணையைப் பாருங்கள். மார்க், எஸ்ஸே, நேர்காணல், குடும்பத்தில் யாராவது அங்கே படித்தார்களா என ஒவ்வொன்றையும் அவர்கள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்று கல்லூரியே கட்டம் போட்டுச் சொல்லியிருக்கும். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து பதினெட்டை ஒன்பதாக்கினோம்.

நிதி உதவி பற்றிய அமர்வுக்குப் பெற்றோரையும் கூப்பிட்டார்கள். எடுக்க வந்தவர் ஒரு காப்பீட்டு முகவர். ஆயுள் காப்பீட்டில் சேர்ந்திருக்கிற பணத்தை, மத்திய அரசின் நிதி உதவிக்குப் போடுகிற ஃபாஃப்ஸா படிவம் சொத்தாகப் பார்க்காது, எனவே பாலிசி எடுங்கள் என்று நாற்பது நிமிஷம். அந்தத் தகவல் சரிதான், ஓய்வூதியக் கணக்கையும் அது பார்க்காது என்பதைச் சொன்னால் பாலிசி விற்காது, சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய பெரிய விஷயம் வேறு. முதல் வருஷப் படிவத்துக்கு அவர்கள் எடுத்துக்கொள்வது பிள்ளையின் பத்தாம் வகுப்பு ஜனவரியிலிருந்து பதினோராம் வகுப்பு டிசம்பர் வரையுள்ள வருமான வரிக் கணக்கை. அதாவது இந்த முகாமில் வந்து உட்கார்கிறபோது அந்த வருஷம் முடிந்து ஏழு மாதம் ஆகியிருக்கும். நான் அந்த வருஷம் அக்டோபரில்தான் வீட்டுச் சமையலறையை மாற்ற கம்பெனிப் பங்குகளை விற்றேன், அந்த லாபமும் வருமானத்தில் ஏறிவிட்டது. இப்போது அந்த கிரானைட் மேடையில் தோசை மாவு வைக்கும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது. இன்னொன்று, வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருகிற எச்-4 விசாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவி கிடையாது, கிரீன் கார்டு இருந்தால் உண்டு. அந்த அறையில் குறைந்தது நான்கு குடும்பம் எச்-4 காரர்கள், அவர்களுக்கும் அதே பாலிசிதான்.

இனி அந்த அம்மாவைப் பற்றி. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவர், வெள்ளைக்காரர், காலில் எப்போதும் தோட்டத்துச் செருப்பு. முதல் நாள் எல்லோரையும் எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று பிள்ளைகள் பரதநாட்டிய அரங்கேற்றம், இரண்டு பேர் முழங்காலில் அடிபட்டு டீமுக்குத் திரும்பிய கதை, எங்கள் பையன் பாட்டியின் சாம்பார். அவன் பாட்டி சமைத்தே நாங்கள் பார்த்ததில்லை, தாத்தாதான் சமைப்பார், என் யோசனையில் வந்த சாம்பார் அது. அவர் ஒன்றும் திட்டவில்லை. 'இதில் நீ எங்கே இருக்கிறாய்?' என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் அவனோடு தனியாக அரை மணி நேரம் பேசியதில் ஏழாவது கட்டம் வெளியே வந்திருக்கிறது. ஸ்கோர் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, கிரிக்கெட் தெரியாத அந்த அம்மா ஒவ்வொரு குறிக்கும் அர்த்தம் கேட்டிருக்கிறார். ஒருமுறை அவன் தப்பாக எழுதிய ஒரு ரன்னால் ஆட்டமே மாறியதும், வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்ததும், மறு வாரம் இரண்டு அணிகள் முன்னால் எழுந்து நின்று சொன்னதும் எனக்கே அப்போதுதான் தெரியும். அன்று தோற்றது என் அணி.

ஆறு முறை திருத்தி எழுதினான், 612 வார்த்தையில் முடிந்தது. அந்த அம்மா ஒரு வரிகூட எழுதித் தரவில்லை, கேள்வி மட்டும்தான் கேட்டார். நானாக இருந்தால் இரண்டாவது முறையே பேனாவைப் பிடுங்கியிருப்பேன். வீட்டில் அப்பாவிடம் காட்டாத எழுத்தை வெளியே ஒருவரிடம் காட்டினான், அந்த 600 டாலர் அதற்குத்தான்.

கிரிக்கெட் கட்டத்தையும் அவன் எடுக்கவில்லை, ஏழிலிருந்து மூன்றாவதுக்கு ஏற்றினான். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் இடம் கிடைத்துப் போயிருக்கிறான், எஸ்ஸேயால் கிடைத்ததா மார்க்கால் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

மகள் இப்போது ஒன்பதாவது. போன வாரம் அந்த மையத்துக்குப் போன் செய்து, எஸ்ஸே வகுப்பு மட்டும் தனியாக எடுப்பார்களா என்று கேட்டேன். பேக்கேஜாகத்தான் சார், இந்த வருஷம் 2,200, என்றார்கள். அந்த அம்மா இன்னும் வருகிறாரா என்று கேட்டேன். எந்த அம்மா என்றார்கள்.