வயசானவர்களை வெளிநாடு அனுப்புகிறவர்கள் இந்த டிராவல்ஸுக்குத் தாராளமாகப் போகலாம்

சிங்கப்பூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அப்பாவை அனுப்பக் காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸைப் பிடித்தோம். விசா வேலை சுத்தம். அதைவிட அங்கிருந்த அக்காவின் அக்கறை பெரிது. "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கய்யா? அட்டையோட காட்டுங்க" என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். தூக்கத்துக்குப் போடும் டயஸெபாமை மட்டும் தனியே எடுத்து வைத்து, "இதுக்கு அந்த நாட்டுல முன்கூட்டியே அனுமதி வாங்கணுங்க" என்றார். மருந்தின் மூலப்பெயரோடு (கம்பெனி வைத்த பெயர் அல்ல) டாக்டரிடம் கடிதமும் வாங்கி வரச் சொன்னார். இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்!

சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை (SG Arrival Card) அரசுத் தளத்தில் இலவசம். இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்பினால் போதும், காசு கேட்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். இந்த டிராவல்ஸில் ஒரே குறை, சர்வீஸ் சார்ஜுக்கு ரசீதைக் கேட்டால்தான் தருகிறார்கள். மறக்காமல் கேளுங்கள்.