புதிரா, எண்ட்கேமா? அரைமணி நேரம்தான் இருக்கிறது

வேலைக்குப் போகிற, நாற்பதைத் தாண்டிய ஆளுக்குச் செஸ்ஸுக்கென்று தினமும் அரைமணி கிடைத்தாலே பெரிய விஷயம். எனக்கு அது கிடைப்பது தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில், அதுவும் உட்கார இடம் கிடைத்தால். அந்த அரைமணியை டாக்டிக்ஸ் புதிர்களுக்கு (சில மூவ்களில் காயைப் பிடிக்கவோ ஜெயிக்கவோ வழி கண்டுபிடிப்பது) கொடுப்பதா, எண்ட்கேமுக்கா (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்)? இரண்டையும் தலா ஒரு வருடம் செய்து பார்த்தாயிற்று. இப்போது நான் எண்ட்கேம் கட்சி. (ஓப்பனிங்கைப் பற்றிக் கேட்காதீர்கள். நான் படித்துவைத்த வரிசைப்படி இதுவரை யாரும் எனக்கு ஆடிக் காட்டியதில்லை.)

புதிர்களுக்காக வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. ஃபோர்க்கும் (ஒரே காயால் இரண்டைத் தாக்குவது) 'பின்'னும் (பின்னாலுள்ள பெரிய காயால் நகர முடியாமல் காயைக் கட்டிப்போடுவது) தெரியாமல் போர்டு முன்னால் உட்கார முடியாது. லிச்செஸ் இணையதளத்தில் எத்தனை வேண்டுமானாலும் இலவசமாகப் போடலாம். எங்கள் மாதிரி ஆட்களின் ஆட்டங்களில் பாதி, யாரோ ஒருவர் குதிரையைத் தானமாகக் கொடுப்பதில்தான் முடிகின்றன.

சிக்கல் பராமரிப்பில்தான். புதிர்ப் பழக்கம் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி. இரண்டு வாரம் புளி போட்டுத் தேய்க்காவிட்டால் கறுத்துப்போகும். ஆபீஸில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்தால் எனக்கு மூன்று வாரம் போய்விடும். திரும்பி வந்தால் பழைய வேகம் வரவே இன்னும் மூன்று வாரம். எதிரே உட்காருவது யார் என்பதையும் பாருங்கள். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை ரேபிட் (குறைந்த நேர) போட்டிக்குப் போனால் நான்கு சுற்றில் குறைந்தது மூன்று பள்ளிப் பிள்ளைகளோடுதான். வாசலில் அம்மா டிபன் பாக்ஸோடு காத்திருப்பார். உள்ளே பிள்ளை நம்மை மென்று துப்பிக்கொண்டிருக்கும். தினமும் நூறு புதிர் போடுகிற அந்தக் கண்ணோடு வேகத்தில் நான் போட்டி போட முடியாது.

அப்படி ஒரு பையனிடம்தான் பாடம் படித்தேன். ஆளுக்கொரு யானை, அவனுக்கு மட்டும் நடுவில் ஒரு சிப்பாய். நான் பயத்தில் யானையைக் கடைசி வரிசையில் பதுக்கினேன். அவன் ராஜாவைக் கைபிடித்து அழைத்து வருவதுபோல் மெதுவாக மேலே ஏற்றி ஜெயித்துவிட்டு, "தேங்க்யூ அங்கிள்" என்று கை கொடுத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால், சரியாக ஆடியிருந்தால் அது டிரா. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர் வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். (மனிதர் ஓபராக்களுக்கு இசையும் அமைத்தவர்.)

வழி இதுதான். நம் ராஜா சிப்பாயின் பாதையை மறித்து நிற்க வேண்டும். யானை நம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிரி ராஜா அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. வேறு வழியில்லாமல் அவர் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளிய உடனே, யானையை எதிர்க்கோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் மேல் செக். ராஜா ஒளிந்திருக்கக்கூடிய கட்டத்தில் இப்போது சிப்பாயே உட்கார்ந்திருக்கிறது. டிரா. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ரயில் பயணம் ஆனது. எட்டு மாதம் தொடவே இல்லை. அப்புறம் ஒரு போட்டியில் அதே நிலை வந்தபோது, கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட இல்லாமல் காப்பாற்றினேன். எந்தப் புதிரும் எட்டு மாதம் கழித்து எனக்கு அப்படிக் கை கொடுத்ததில்லை.

ஆட்டம் அவ்வளவு தூரம் போகவே போகாது என்பார்கள். 2013-இல் இதே சென்னையில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஆனந்த் கார்ல்சனிடம் ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களை அடுத்தடுத்து இழந்ததும் யானை எண்ட்கேமில்தான். நம்ம ஊர் குகேஷ் 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வாங்கிய 14-ஆவது ஆட்டம் இன்னும் சுவையானது. எதிரே ஆடிய அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55-ஆவது மூவில் யானையை மாற்றிக்கொள்ள வழி விட்டார். அவருடைய பிஷப் மூலையில் ஒடுங்கிக் கிடந்ததால் அதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். குகேஷ் கண்டுபிடித்ததைப் புதிர் என்றும் சொல்லலாம்தான். ஆனால் மிஞ்சுகிற சிப்பாய் ஆட்டம் ஜெயம் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் புதிர் கண்ணில் படும்.

என் அனுபவம் யானை, சிப்பாய் எண்ட்கேம்களோடு சரி. ராணி எண்ட்கேம் இரண்டே முறை ஆடியிருக்கிறேன், இரண்டிலும் குருட்டு அதிர்ஷ்டம். யானையும் சிப்பாயும் வைத்து ஜெயிக்கிற வழியான லுசெனாவின் 'பாலம்' தூக்கத்திலும் கட்டுவேன், ஆனால் கட்டச் சொல்லி ஒரு ஆட்டமும் இதுவரை வரவில்லை. ஆட்டத்துக்கு ஒரு காய் சும்மா விடுகிற நிலையில் இருப்பவர் என் பேச்சைக் கேட்காமல் ஆறு மாதம் புதிரே போடட்டும்.

நானும் அடியோடு விட்டுவிடவில்லை. தாம்பரத்திலிருந்து கிண்டி வரை எண்ட்கேம். கிண்டியில் கூட்டம் ஏறி முழங்கை விலாவில் இடிக்க ஆரம்பித்ததும் புதிர்.