சக்கர நாற்காலியோடு ஏறி, கயிற்றை நானே பிடித்து: ஒற்றை மாட்டு வண்டில் அனுபவம்

சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஏறி, நாங்களே ஓட்டக்கூடிய மாதிரிச் செய்த ஒற்றை மாட்டு வண்டில் ஒன்றை 2022 இல் இருந்து பாவித்து வருகிறேன். இடம் கிளிநொச்சி மாவட்டம், கண்டாவளைப் பக்கம். 2009 இல் செல் (எறிகணை) துண்டு முள்ளந்தண்டில் பட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கைகள் இரண்டும் நல்ல பலம். இதை முதலே சொல்லக் காரணம், இந்த வண்டில் யாருக்குப் பொருந்தும் என்பது இதில்தான் தங்கியிருக்கிறது.

2022 இல் எரிபொருளுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர். என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் ஓட்டோக்காரத் தம்பி அந்த 5 லீற்றரில் தன் வீட்டையும் பார்க்க வேண்டும், என்னையும் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஊரில் ஓரமாய்க் கிடந்த வண்டில்கள் எல்லாம் திரும்பத் தெருவுக்கு வந்தன. எங்கள் வளவிலும் ஒன்று கிடந்தது.

அதை மாற்றும் யோசனை குதிரை வண்டியில் இருந்து வந்தது. பிரித்தானியாவில் 1969 இல் தொடங்கிய ரைடிங் ஃபார் த டிசேபிள்ட் அசோசியேஷன் மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரையேற்றம் மட்டுமல்ல, குதிரை வண்டி ஓட்டவும் பழக்குகிறது. வண்டியின் பின்பக்கம் சாய்தளம், நாற்காலியைத் தளத்தோடு பூட்டும் கொளுவிகள், எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு சோடிக் கடிவாள வார்கள். ஒரு சோடி மாற்றுத்திறனாளியின் கையில், மற்றது பக்கத்தில் இருக்கும் பழகிய ஓட்டுநரின் கையில். பக்கத்தில் இருப்பவர் தன் வாரைத் தளர்த்தியே வைத்திருப்பார், ஆபத்து வந்தால் மட்டும் இறுக்குவார். அங்கே இது போட்டி விளையாட்டாகவும் வளர்ந்திருக்கிறது. எங்களிடம் குதிரை இல்லை. நெடுந்தீவில் நிற்பவை தன்பாட்டில் மேய்கிறவை, அவற்றை அப்படியே விடுவதுதான் நல்லது. எங்களுக்கு எருது இருக்கிறது.

குதிரைக்குச் செய்ததை எருதுக்கு அப்படியே செய்ய முடியாது. குதிரைக்கு வாயில் இரும்பு. எருதுக்கு மூக்கில் கயிறு. மூக்கணாங்கயிற்றை இரண்டு பேர் இரண்டு விதமாக இழுத்தால் மாட்டுக்கு நோகும், குழம்பும், பிறகு ஒருவரையும் நம்பாது. ஆகவே மூக்கோடு சேர்ந்த நாணயக்கயிறு, அதாவது ஓட்டும் கயிறு, என் கையில் மட்டும். பக்கத்தில் இருக்கும் என் பெறாமகனின் கயிறு மூக்கோடு சேராமல், முகத்தைச் சுற்றிய தலைக்கயிற்றில் கட்டியிருக்கிறது. அவன் இழுத்தால் தலை திரும்பும், மூக்கு நோகாது. இந்த ஏற்பாட்டைத்தான் வண்டிலின் உயிர் என்று நினைக்கிறேன்.

அதிலும் கயிற்றைவிட ஆள் முக்கியம். ஆரம்பத்தில் என்னோடு வந்த உறவினர் ஒருவர் நல்ல மனிதர், மாடு பழக்குவதில் கெட்டிக்காரர். ஆனால் வளைவு வரும் ஒவ்வொரு முறையும் என்னை முந்திக்கொண்டு இழுத்துவிடுவார். அன்பினால்தான். ஆனால் அப்போது ஓட்டுவது அவர், நான் வண்டிலில் ஏற்றிய மூட்டை. பெறாமகன் அப்படி இல்லை. "சின்னம்மா, முன்னால நாய் நிக்குது" என்று மட்டும் சொல்லுவான், கயிறு அவன் மடியில் கிடக்கும். கையைக் கட்டிக்கொண்டு விழிப்பாக இருப்பது இழுப்பதைவிடக் கடினமான வேலை. உதவிக்கு வரும் எல்லாருக்கும் அது வருவதில்லை. உங்களுக்கு ஆள் தேடும்போது மாட்டு அனுபவத்தைவிட இந்தப் பொறுமையைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது பாரம். இரண்டு சில்லு வண்டிலில் பின்னால் பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பும், மாட்டை நுகத்தோடு பூட்டும் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். முன்னால் கூடினால் கழுத்தில் அமத்தும். சாய்தளத்தில் நாற்காலியை ஏற்றும்போது முழுப் பாரமும் வண்டிலின் வால் நுனியில் நிற்கும் ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்துக்காகவே பின்பக்கம் இரண்டு முட்டுக்கால்கள், இரும்புக் குழாயில், கீல் வைத்து மடக்கும் விதமாக. அவை நிலத்தில் ஊன்றாமல் நாற்காலி ஏறக் கூடாது, இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. ஏறின பிறகு நாற்காலியின் இடம் அச்சுக்கு ஒரு சாண் முன்னால். பெறாமகன் இறங்கி ஏறினாலும் நுகம் ஆடாத இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே சில்லுத் தடுப்புகளைத் தளத்தில் அடித்துவிட்டோம். எனக்கு இடுப்பில் ஒரு பட்டி, ஒரே இழுவையில் கழரும் கொளுவியோடு. வண்டில் சரிந்தால் நாற்காலியோடு சேர்ந்து நான் மாட்டிக்கொள்ளக் கூடாது. பாதங்களுக்குத் தனிப் பட்டி வேண்டும், ஏனென்றால் குலுக்கத்தில் கால்கள் தாமாகத் துடித்துக் கீழே விழுந்துவிடும், எனக்குத் தெரியவும் வராது.

ஒழுங்கு ஒன்று இருக்கிறது, அதையும் குதிரை வண்டிக்காரரிடம் இருந்துதான் எடுத்தோம். மாட்டை முழுக்கப் பூட்டி, ஓர் ஆள் தலைமாட்டில் நின்ற பிறகே நான் ஏறுவேன். இறங்கும்போது நான் முதலில், பிறகுதான் மாட்டை அவிழ்ப்பது. பாதி பூட்டிய வண்டிலில் ஒருவரும் இருக்கக் கூடாது.

சாய்தளத்துக்கு 1:12 என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வண்டில் தளம் 2 அடி உயரம் என்றால் 24 அடி நீளம் வேண்டும். அவ்வளவு பலகையை ஆர் காவிக்கொண்டு திரிவது? அதனால் வீட்டில் மண் அணைத்து, கல் அடுக்கி, தள உயரத்துக்கு ஒரு மேடை கட்டினோம். வண்டிலைப் பின்னுக்கு அணைத்தால் நேரே உருண்டு போகலாம். வெளியில் பாவிக்க 6 அடிப் பலகை இரண்டு. அது செங்குத்து, பின்னால் ஒருவர் தள்ளியே ஆக வேண்டும். தனியே போய்த் தனியே இறங்க இன்றுவரை வழியில்லை. இதுதான் இந்த வண்டிலின் பெரிய குறை.

பழைய மரச்சில்லைக் கழற்றிவிட்டுக் கார் அச்சும் டயரும் போட்டது நல்ல முடிவு. தளம் தாழ்ந்தது, குலுக்கம் குறைந்தது, காரின் பிரேக் உருளையையும் கைப்பிடி வைத்துப் பாவிக்க முடிந்தது. எங்கள் ஊர் தட்டைதான், ஆனால் குளக்கட்டில் இருந்து இறங்கும்போது வண்டில் மாட்டின் மேலே தள்ளும். மற்றவர்கள் காலை ஊன்றி, குதித்து இறங்கிச் சமாளிப்பார்கள், எனக்கு அந்தக் கைப்பிடிதான் இருக்கிறது. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் கிரவல் றோட்டில் உடம்புக்குச் சுகம்.

உடம்பைப் பற்றித் தெளிவாகவே சொல்ல வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு எதிரி அழுத்தப் புண். நாற்காலியில் இருக்கும்போது கையை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்க வேண்டும், கயிறு கையில் இருக்கும்போது அது முடியாது. ஆகவே ஒவ்வொரு சந்தியிலும் நிழல் கண்டு நிறுத்துவேன், பெறாமகன் கயிற்றை வாங்குவான், நான் உடம்பைத் தூக்கி இறக்குவேன். காற்று மெத்தை இல்லாமல் ஏறவே மாட்டேன். வீடு வந்ததும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பது கட்டாயம். காயத்துக்குக் கீழே வியர்க்காதபடியால் வெயிலில் உடம்பு கொதித்துவிடும். மாட்டுக்கும் உச்சி வெயில் ஆகாது. காலை ஒன்பதுக்குள், இல்லாவிட்டால் பின்னேரம் நாலுக்குப் பிறகு. யானை வரும் பக்கங்கள் என்பதால் பொழுதுபட முதல் வீடு சேர வேண்டும். ஏ9 பெருந்தெருவில் ஓட்டுவதில்லை, குறுக்கே கடப்பது மட்டும்தான். பாவனையில்லாத காட்டுப் பாதைகளுக்குள் இறங்குவதும் இல்லை. வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை.

எருது நலமடித்த (காயடித்த) நாட்டு மாடு, வயது வந்தது, சவாரிக்கு (வண்டில் ஓட்டப் போட்டிக்கு) விட்டுப் பழகாதது. சவாரி மாடு எங்களுக்குச் சரிவராது, அதற்குச் சத்தம் கேட்டால் ஓடத்தான் தெரியும். நாற்காலியின் கிறீச்சையும் பலகை விழும் சத்தத்தையும் கேட்டு அசை போட்டுக்கொண்டு நிற்கும் மாடு வேண்டும். பூட்டுவதற்கு முன் பல கிழமைகள் நாற்காலியை அதன் பக்கத்தில் உருட்டி, என் கையால் தவிடு வைத்தோம். 2022 டிசம்பர் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ மாடுகள் செத்தன. அந்த இரவுகளில் கொட்டிலைச் சுற்றிப் படங்கு கட்டி, சாக்குப் போர்த்தி, தணல் வைத்துக் காப்பாற்றினோம். மாடு என்றால் இந்தப் பொறுப்பும் சேர்த்துத்தான். வைக்கோல், தவிடு, மாட்டு வைத்தியர் என்று செலவு நிற்காது. ஓட்டோவைவிட மலிவு என்று நினைத்து இதில் இறங்க வேண்டாம்.

அப்படியென்றால் எதற்கு? பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கின பிறகும் நான் வண்டிலை விடவில்லை. சக்கர நாற்காலி புதைகிற வயல் ஓரம், வாய்க்கால் கட்டு, குளக்கட்டு எல்லாம் பதின்மூன்று வருசமாக எனக்கு எட்டாத இடங்களாக இருந்தன. வண்டில் வந்த பிறகு, காலபோக நெல் விதைப்பின்போது வரம்போரம் வண்டிலில் இருந்தபடி "அந்த மூலைக்குத் தண்ணி ஏறேல்லை" என்று சொல்ல முடிந்தது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை போக எனக்குத் தூரம் கூட, ஆனால் ஊர்க் கோயில் வாசல்வரை நானே ஓட்டிப் போகிறேன். இருக்கையில் சாய்பிடி இல்லாமலே முதுகு முன்பைவிட நிமிர்ந்து நிற்கிறது, மாட்டின் நடையோடு இடுப்பு ஆடி ஆடி வந்த பலன் என்று நம்புகிறேன். "பொம்பிளை, அதுவும் நடக்கேலாத பொம்பிளை வண்டில் விடுறா" என்று முதலில் வேலியால் எட்டிப் பார்த்தவர்கள் இப்போது சங்கக்கடைச் சாமானுக்குச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய சந்தோசம்.

போய்ச் சேருகிற இடம் வேறு கதை. 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம் எங்கள் உரிமைகளைப் பேசுகிறது. அலுவலகம் ஒன்றின் வாசலில் இன்னும் நாலு படி. வண்டிலைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியபோது உத்தியோகத்தர் கோப்போடு வெளியே வந்து வண்டிலடியிலேயே கையெழுத்து வாங்கினார். அவருக்கு நன்றி, ஆனால் படி அப்படியேதான் இருக்கிறது.

கழுத்தில் இருந்து கீழே முழுவதும் அசைவில்லாதவர்களுக்கும், கைப்பிடி பலம் இல்லாதவர்களுக்கும் இப்போதைய வடிவம் சரிவராது. குதிரை வண்டியில் வாரில் வளையங்கள் தைத்து, விரல் மடங்காதவர்களும் மணிக்கட்டால் இழுக்கிறார்கள். அதே மாதிரி நாணயக்கயிற்றில் தோல் வளையம் தைத்துத் தரும்படி சப்பாத்துத் தைக்கிற அண்ணையிடம் கொடுத்திருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு பிள்ளை, விரல்கள் இயங்காது, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறா. மாரி தொடங்க முதல் எங்கள் வளவுக்குள்ளேயே, மாட்டின் தலைமாட்டில் ஓர் ஆளை விட்டு, அவவோடு பழகிப் பார்க்கப் போகிறோம்.