உடைந்த சாவிக்கு சி.எஸ்.ஆர். எங்கே வாங்குவது?

மதுரைக்குப் போய்விட்டு டொராண்டோ திரும்பியவனிடம் எல்லோரும் கேட்பது கல்யாணம் எப்படி நடந்தது, வெயில் எப்படி, ஜிகர்தண்டா குடித்தாயா என்றுதான். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது, அதை விடுங்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு கார் சாவியைப் பற்றி மட்டும்தான்.

ஆடி மாதம், ஆகஸ்டில் இரண்டாவது சனிக்கிழமை. கார் அக்கா வீட்டுக்காரருடையது. மச்சான் அருப்புக்கோட்டையில் ஒரு விசேஷம் என்று பஸ்ஸில் போய்விட்டார், "வண்டி சும்மாதான மாப்ளே நிக்குது, எடுத்துட்டுப் போங்க" என்று சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டு. கொத்து என்றால் லேசுப்பட்ட கொத்து இல்லை. கார் சாவியோடு கேட் சாவி, பீரோ சாவி, கடை ஷட்டர் சாவிகள், போதாததற்குப் பித்தளையில் ஒரு வேல். கையில் வாங்கும்போதே கனத்தது.

அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அழகர்கோவில் போனோம். சாமி கும்பிட்டு, மிளகு மணக்கும் அந்தத் தடித்த தோசையை வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்து, சாவியைப் போட்டுத் திருப்பினேன். 'டக்'கென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் தலை என் கையில், இரும்பு முழுவதும் இக்னிஷன் ஓட்டைக்குள். பவர் விண்டோ, இக்னிஷன் போடாமல் கண்ணாடி இறங்காது. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்தால் குரங்கு உள்ளே வருகிறது. ஒன்று பானெட்டில் ஏறி உட்கார்ந்து தோசைப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் குரங்கு. அம்மா, "கருப்பா, இதென்ன சோதனை" என்று பதினெட்டாம்படி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார். ராத்திரி கோயிலைப் பூட்டிச் சாவியைக் கருப்பசாமி முன்னால் வைத்துவிட்டுப் போவது அந்தக் காலத்து வழக்கம் என்று சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன், ஆனால் அந்த நேரத்தில் அதையெல்லாம் ரசிக்கிற மனநிலை இல்லை.

ஸ்பேர் சாவி இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டேன். இருக்கிறது. எங்கே? பேங்க் லாக்கரில், நகையோடு. "வீட்ல வச்சா தொலைஞ்சிரும்னு உங்க மச்சான்தான் வச்சாரு." 2015-லிருந்து இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் பேங்க் கிடையாது, மறுநாள் ஞாயிறு. ஆக, திங்கட்கிழமை வரை அந்தச் சாவி ரொம்பப் பத்திரம்.

சரி, இன்ஷூரன்ஸில் ரோடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதே என்று அதற்குப் போன் போட்டேன். இந்திக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு, அப்புறம் வெகுநேரம் கழித்துத் தமிழுக்கு ஒரு நம்பர், அதை அழுத்தினாலும் இந்திதான் வந்தது. லேண்ட்மார்க் கேட்டாள் ஒரு பெண். கள்ளழகர் கோயில் என்றேன். ஸ்பெல்லிங் கேட்டாள். சித்திரை மாதம் லட்சக்கணக்கான பேர் யாருக்காக வைகைக்கரையில் நிற்கிறார்களோ அவருக்கு ஒவ்வொரு எழுத்தாக ஸ்பெல்லிங் சொன்னேன். கடைசியில், "ரெஜிஸ்டர்டு மொபைலுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும் சார், சொல்லுங்க." அது மச்சானுடைய நம்பர். மச்சான் மைக்செட்டுக்குப் பக்கத்துப் பந்தியில். நாலாவது ரிங்கில் எடுத்து, "சாப்ட்டீங்களா மாப்ளே" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இந்த ஓ.டி.பி. விஷயத்தில் வெளிநாட்டிலிருந்து போகிறவன் படும் பாட்டைத் தனியாகவே எழுதலாம். நம்மிடம் பணம் இருக்கும், கார்டு இருக்கும், ஆனால் அந்த ஆறு இலக்கம் வேறு யார் பையிலோ இருக்கும்.

அடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம், ஏ.சி. போட்ட வரவேற்பறையும் இலவச காபியும் உள்ள இடம்தான். போனை எடுத்த பையன் நல்ல மரியாதையாகப் பேசினான். சாவி உடைந்துவிட்டது என்றேன். "லாஸ்ட் கீயா சார்?" இல்லை தம்பி, உடைந்தது, ஒரு பாதி கையில், ஒரு பாதி வண்டியில். "அதுவும் லாஸ்ட் கேட்டகரிதான் சார் வரும். போலீஸ் ஸ்டேஷன்ல புகார் கொடுத்ததுக்குத் தர்ற ரசீது, அதான் சி.எஸ்.ஆர். காப்பி, ஆர்.சி., ஓனர் ஆதார், அப்புறம் இருக்கிற இன்னொரு சாவியையும் கொண்டுவரணும். ஆர்டர் போட்டா ரெண்டு மூணு வாரம் ஆகும்." தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. தொலையாத சாவியைத் தொலைந்தது என்று போலீஸில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டதற்கு, "ப்ரொசீஜர் சார்" என்றான். டொராண்டோவிலும் டீலர் பணம் பிடுங்குவான், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் உடைந்ததற்கும் தொலைந்ததற்கும் வித்தியாசம் தெரியாமல் பேச மாட்டான்.

இதற்குள் சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. ஒருத்தர் ஃபெவிக்விக் தடவி ஒட்டி இழுக்கலாம் என்றார், இன்னொருத்தர் கொண்டை ஊசி கேட்டார். பார்க்கிங் டோக்கன் கிழிக்கிறவர்தான், "ஏண்ணே அலையுறீங்க, டவுன்ல இருந்து பாயை வரச் சொல்லவா" என்று தன் போனை எடுத்தார். அவர் போனில் 'சாவி பாய்' என்றே நம்பர் பதிந்து வைத்திருந்தார்.

நான் ஊரில் இருந்த காலத்துச் சாவிக்காரர்கள் ஞாபகம் வந்தார்கள். மாசி வீதிகளில் நடந்தால் மூலைக்கு ஒருத்தர், கறுப்புக் குடைக்குக் கீழே, வளையம் வளையமாக வெட்டாத சாவிகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். சாவி இல்லாத பூட்டைக் கொண்டுபோனால், பிளாங்க் சாவியை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கரி ஏற்றி, பூட்டுக்குள் விட்டுத் திருப்பி, கரி அழிந்த இடத்தைப் பார்த்து அரத்தால் ராவுவார். நாலைந்து தடவை போட்டு எடுத்தால் பூட்டு திறந்துகொள்ளும். இந்தத் தடவை அந்தப் பக்கமெல்லாம் அப்படி யாரையும் காணவில்லை. புதுமண்டபத்துக் கடைகளையே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், இவர்கள் எம்மாத்திரம்.

இருபது கிலோமீட்டர் தாண்டி பாய் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்து சேர்ந்தார். அறுபது வயது இருக்கும். பின்னால் கேரியரில் சின்ன வைஸ் ஒன்று போல்ட் போட்டு முடுக்கியிருந்தது. வந்ததும் சாவியைக் கேட்கவில்லை, ஆர்.சி.யைக் கேட்டார். டேஷ்போர்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சேஸிஸ் நம்பரின் கடைசி எண்களை வண்டியில் பார்த்து ஒத்துப்பார்த்தார். "ஓனர் யாரு தம்பி?" அக்கா வீட்டுக்காரர் என்றேன். வீடியோ காலில் மச்சானைப் பிடித்து, முகத்தைப் பார்த்து, "உங்க வண்டிதானா, நம்பர் சொல்லுங்க" என்று கேட்டார். (பாய்க்கு மட்டும் முதல் ரிங்கிலேயே எடுத்தார் மச்சான்.) அப்புறம் ஒரு நீள நோட்டில் வண்டி நம்பர், பெயர், போன் நம்பர், நேரம் எல்லாம் எழுதி என்னிடம் கையெழுத்து. வண்டி களவு போனால் முதலில் எங்களைத்தான் விசாரிப்பார்கள் என்றார். வரவேற்பறைப் பையன் கேட்ட காகிதத்தைவிட இந்த விசாரணை உருப்படியாக இருந்தது.

உடைந்த முனையை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். "பாருங்க தம்பி, இந்தப் பக்கம் கறுத்திருக்கா, இது பழைய விரிசல். இந்த ஓரத்துல நூலாட்டம் வெள்ளையா மின்னுதே, இதுதான் இன்னைக்கு உடைஞ்சது." முக்கால்வாசி முன்பே விட்டுப்போயிருந்தது. கொத்தை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு எடையும் வண்டி ஓட ஓட அங்கிட்டும் இங்கிட்டும் ஆடினால் கழுத்து எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். அக்கா இதை உடனே மச்சானுக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்பிவிட்டாள், நான் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

டார்ச் அடித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெல்லிசாகத் தேய்த்து வைத்திருந்த ரம்பப் பிளேடுத் துண்டு ஒன்றைச் சாவியின் பல்லை ஒட்டி உள்ளே விட்டு, லேசாகத் திருகிப் பைய இழுத்தார். மயிரிழை வந்தது. மறுபடியும் விட்டார். கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்ததும் குறடால் பிடித்து உருவிவிட்டார். ஃபெவிக்விக் யோசனை சொன்னவரைப் பார்த்து, "பசை போட்டிருந்தா பேரலையே மாத்தணும்" என்றார் சிரிக்காமல். இரண்டு துண்டையும் பொருத்தி வைத்து, ஒரு சாதா பிளாங்கை வைஸில் கடித்து அரத்தால் ராவினார். ஓரத்தில் பல் வெட்டிய பழைய மாடல் சாவி என்பதால் இது நடந்தது. நடுவில் கோடு வெட்டிய சாவி என்றால் கடைக்கு வந்து மிஷினில்தான் வெட்டவேண்டும் என்றார்.

புதுச் சாவி திரும்பியது. இன்ஜின் பிடித்தது, உடனே நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. பாய் அசரவில்லை. என் கையிலிருந்த உடைந்த பிளாஸ்டிக் தலையை வாங்கி இக்னிஷன் வளையத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "இப்பப் போடுங்க" என்றார். வண்டி நின்று ஓடியது. உள்ளே இருக்கும் சிப்புக்கு பேட்டரியே வேண்டாம், சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் காயில்தான் அதற்குக் கரண்ட் கொடுக்கிறது, பேட்டரி கதவு ரிமோட்டுக்கு மட்டும்தான். சிப் நன்றாக இருக்கும்போது எதற்குப் புதுச் சாவி, எதற்கு கோடிங்? தலையை இன்சுலேஷன் டேப் போட்டு அங்கேயே ஒட்டிவிட்டார், வீடு வரை அப்படியே ஓட்டிவந்தேன். சாயங்காலம் அவர் கடையில் புதுக் கூடும் புது பிளேடும் போட்டு, பழைய சிப்பை அதற்குள் மாற்றிக் கொடுத்தார். வந்துபோன பெட்ரோலையும் சேர்த்து 1,400 ரூபாய், ஜிபே. என்னிடம் ஜிபே இல்லை, அதற்கும் அக்காதான்.

கனடாவில் 2007 செப்டம்பரிலிருந்து புது வண்டிகளில், சிப் இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத இந்த இம்மொபிலைசர் கட்டாயம். அப்படியும் வாசலில் நிற்கும் வண்டியை நிமிஷத்தில் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். 2024-இல் டொராண்டோ போலீஸ்காரர் ஒருவர், திருடன் சாவிக்காக வீட்டுக்குள் வராமல் இருக்க அதை வாசல் கதவுப் பக்கமே வைத்துவிடுங்கள் என்று மக்களுக்கு யோசனை சொன்னார். எங்கள் மச்சான் லாக்கரில் வைக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வழி இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மச்சான் பதறிப்போய் அருப்புக்கோட்டையிலிருந்தே சர்வீஸ் சென்டருக்கு அட்வான்ஸ் அனுப்பிவிட்டிருக்கிறார். திரும்பக் கேட்டால் ஆர்டர் போட்டாகிவிட்டது, கேன்சல் பண்ண முடியாது என்கிறார்கள். சாவி இன்னும் வரவில்லை. ஆனால் போன வாரம் அங்கிருந்து எனக்கு டொராண்டோ நம்பருக்கே வாட்ஸ்அப் கால், எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று.

நான் மார்க் போட்டேன். மச்சானுக்குத்தான் கோபம், வரப்போகிற சாவிக்கு அது இடைஞ்சலாகிவிடுமாம்.